உறைபனிக் காலத்தில் மழைச் சங்கிலி

மழைச் சங்கிலி என்பது கூரைப் பீலியில் சேரும் மழைநீரை நிலத்துக்கு இறக்குவதற்காக, மூடிய வடிகுழாய்க்குப் பதிலாகத் தொங்கவிடப்படும் உலோகச் சங்கிலி ஆகும். இது யப்பானியக் கட்டிடக்கலை மரபில் இருந்து வந்தது. யப்பானிய மொழியில் இதனைக் குசாரி-தோய் என்பர். குசாரி என்பது சங்கிலியையும், தோய் என்பது நீர் வழிந்தோடும் பீலியையும் குறிக்கும். கோயில்களிலும், தேநீர் மனைகளிலும், வீடுகளிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த இச்சங்கிலி, அண்மைப் பத்தாண்டுகளில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு அழகுப் பொருளாகப் பரவியுள்ளது.

இவ்வாறு பரவிய இடங்களுட் பல, ஆண்டில் மூன்று அல்லது நான்கு மாதங்கள் நீர் உறையும் குளிருக்கு உட்பட்டவை. அவ்விடங்களில் மழைச் சங்கிலி பனிக்கட்டியால் மூடப்பட்டுத் தடித்த தூண் போல் ஆவது இயல்பு. பார்வைக்கு இது அழகாக இருப்பினும், பீலி பெயர்ந்து விழுதல், கூரைக்குள் நீர் கசிதல், நடைபாதை வழுக்குதல் ஆகிய இடர்கள் இதனால் ஏற்படக்கூடும். சங்கிலி உறைவதால் சங்கிலிக்கு நேரும் கேடு பெரும்பாலும் சிறிது. அதைத் தாங்கும் பீலிக்கும், அதன் கீழ் நடப்பவருக்கும் நேரக்கூடியதே பெரிது.

சொல் குறித்து

இக்கட்டுரையில் பீலி என்பது கூரையின் விளிம்பை ஒட்டிப் பொருத்தப்படும் நீர்க் கால்வாயைக் குறிக்கிறது. இது இலங்கை வழக்கு. தமிழ்நாட்டில் பீலி என்றால் மயிற்பீலியே முதலில் நினைவுக்கு வரும் என்பதால் இதைச் சொல்லவேண்டியுள்ளது. கூரை விளிம்பில் இருந்து கூர்நுனியுடன் தொங்கும் பனிக்கட்டிக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. ஆலம் விழுது போல் மேலிருந்து கீழ்நோக்கி வளர்வதால் இங்கே அது பனிவிழுது எனப்படுகிறது. வானில் இருந்து பஞ்சு போல் விழுவது வெண்பனி எனவும், நீர் உறைந்து ஆவது பனிக்கட்டி எனவும் வேறுபடுத்தப்பட்டுள்ளன.

அமைப்பும் தொழிற்பாடும்

மழைச் சங்கிலிகள் இரு வகைப்படும். முதலாவது, வளையங்களை ஒன்றோடொன்று கோத்த வளையச் சங்கிலி. இரண்டாவது, அடியில் துளையுள்ள சிறு கிண்ணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்ட கிண்ணச் சங்கிலி. தாமரை முதலிய மலர்களின் வடிவில் கிண்ணங்களைச் செய்வது வழக்கம். பெரும்பாலும் செப்பிலும், சில வேளைகளில் பித்தளை, அலுமினியம், துருவேறா எஃகு ஆகியவற்றிலும் இவை செய்யப்படுகின்றன. ஒரு மாடி வீட்டுக்கான சங்கிலி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமானது.

பீலியின் அடியில் உள்ள துளையின் குறுக்கே ஒரு கம்பி அல்லது கொக்கி வைத்துச் சங்கிலி மாட்டப்படுகிறது. துளைவழி இறங்கும் நீர், உலோகத்துடன் ஒட்டும் தன்மையாலும் மேற்பரப்பு இழுவிசையாலும் சங்கிலியை விட்டு விலகாமல் அதன்மேல் மெல்லிய படலமாக வழிகிறது. கிண்ணச் சங்கிலியில் ஒவ்வொரு கிண்ணமும் நீரை ஏந்தி, நடுவில் குவித்து, அடுத்த கிண்ணத்தில் விடுகிறது. இதனால் இவ்வகையில் நீர் தெறிப்பது குறைவு. மழை வலுத்தால் இரண்டுமே தெறிக்கும். சங்கிலியின் அடி முனை ஒரு தொட்டியிலோ, கூழாங்கற்கள் நிரப்பிய குழியிலோ முடியும். காற்றில் ஆடாதிருக்க அடியில் எடை கட்டுவதும், நிலத்தில் அறையப்பட்ட முளையுடன் பிணைப்பதும் உண்டு.

தோன்றிய நாட்டின் தட்பவெப்பம்

மழைச் சங்கிலியை உலகம் பெரும்பாலும் கியோத்தோ நகரின் கோயில்கள், தோட்டங்கள் ஆகியவற்றின் படங்கள் வழியாகவே அறிந்தது. கியோத்தோவில் சனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை செல்சியசு. அங்கே வெண்பனி விழுவதுண்டு. எனினும் சங்கிலி வாரக்கணக்கில் உறைந்து நிற்கும் நிலை அங்கில்லை. கனடாவின் மொன்றியல் நகரில் அதே மாதச் சராசரி உறைநிலைக்கு ஏறத்தாழ 10 பாகை கீழே இருக்கிறது. ஆகவே படத்தைப் பார்த்துச் சங்கிலியை வாங்கி மொன்றியலில் மாட்டுபவர், அது பழகிய தட்பவெப்பத்துக்கு வெளியே அதனைக் கொண்டுசெல்கிறார்.

இதனால் யப்பானியருக்குப் பனியின் எடை தெரியாது என்று கொள்ளக்கூடாது. யப்பான் கடலை நோக்கிய கரையில் உள்ள நீகாத்தா, தொயாமா, இசிக்காவா ஆகிய மாவட்டங்கள் உலகிலேயே மிகுதியான வெண்பனி விழும் மக்கள் வாழிடங்களுள் அடங்கும். அங்கே விழும் வெண்பனி உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் ஈரமாக இருப்பதால் மிகவும் கனமானது. இசிக்காவாவின் தலைநகரான கனசாவாவில் உள்ள கென்ரோக்கு-என் தோட்டத்தில், ஆண்டுதோறும் நவம்பர் 1 தொடங்கிப் பைன் மரங்களின் நடுவே உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியில் இருந்து கிளைகளுக்குக் கயிறு கட்டுவர். பனியின் எடையால் கிளை முறியாமல் காப்பதற்கான இம்முறை யுகிட்சூரி எனப்படுகிறது. மழைச் சங்கிலியுடன் இதற்கு நேரடித் தொடர்பில்லை. ஆனால் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே: தொங்கும் பொருளின்மேல் பனி சேர்ந்தால் அந்த எடையை எது தாங்கும்? தொயாமா மாவட்டத்தின் தக்காவோக்கா நகரம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து உலோக வார்ப்புக்குப் பெயர் பெற்றது. மழைச் சங்கிலிகள் இன்றும் அங்கே செய்யப்படுகின்றன.

சங்கிலியில் பனிக்கட்டி உருவாகும் முறை

காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது மழை பெய்வது அரிது. அவ்வாறாயின் சங்கிலியில் உறைவதற்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் அது கூரைமேல் கிடக்கும் வெண்பனி உருகிய நீரே. பகலில் வெயில் படும்போது கூரையின் வெண்பனி உருகும். வெயில் இல்லாதபோதும், வீட்டின் உள்வெப்பம் கூரை வழியாகக் கசிந்தால் வெண்பனியின் அடிப்பகுதி உருகும். அந்த நீர் பீலியை அடைந்து, துளைவழி சங்கிலியில் இறங்கும்போது குளிர்ந்த காற்றைச் சந்திக்கிறது.

சங்கிலியின்மேல் வழியும் நீர் மெல்லிய படலம் ஆகையால், அதன் கனவளவுக்கு ஒப்பிடக் காற்றுப் படும் பரப்பு மிகப் பெரியது. காற்றின் வேகத்தைத் தடுக்கும் சுவரும் அதற்கில்லை. ஆகவே ஒரே குளிரில் மூடிய குழாயில் இறங்கும் நீரைவிடச் சங்கிலியில் இறங்கும் நீர் விரைவாகக் குளிர்கிறது. சங்கிலி உறையாது என்று விற்பனையாளர் சிலர் கூறுவது இதனால் பொருந்தாது. அது குழாயைவிட முன்னதாகவே உறையக்கூடியது.

நீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 334 யூல் அளவு உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. இந்த வெப்பத்தைக் காற்று கொண்டுசெல்லும் வேகமே பனிக்கட்டி வளரும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. உலர்ந்த, வேகமான காற்று வீசும் நாளில் பனிக்கட்டி விரைந்து வளர்வதும், அமைதியான நாளில் நீரின் பெரும்பகுதி உறையாமலே அடிவரை சென்றுவிடுவதும் இதனாலேயே. குளிர் மிதமாக இருந்தால் நீர் கீழே இறங்க இறங்கக் குளிர்ந்து, கீழ் வளையங்களில் முதலில் உறையத் தொடங்கும். நிலத்திலும் ஒரு பனிமேடு எழும்பி, காலப்போக்கில் இரண்டும் இணைந்து தூணாகும். குளிர் கடுமையாயின் பீலித்துளையின் வாயிலேயே உறைவு தொடங்கிவிடும்.

சங்கிலியில்லாத கூரை விளிம்பில் பனிவிழுது வளரும் முறை இதனின்றும் சற்று வேறுபட்டது. விழுதின் நுனியில் எப்போதும் ஒரு நீர்த்துளி தொங்கும். அத்துளியின் புறவிளிம்பு உறைந்து மெல்லிய ஓடு போலக் கீழ்நோக்கி நீளும். பக்கங்களில் வழியும் நீர்ப்படலம் உறைவதால் அது தடிக்கும். நீளும் வேகம் தடிக்கும் வேகத்தைவிட மிகுதி என்பதால் கூர்வடிவம் கிடைக்கிறது. பனிவிழுதுகளின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீட்டர் இடைவெளியில் வளையம் வளையமாக மேடுகள் காணப்படும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் ஆய்வகத்தில் பனிவிழுதுகளை வளர்த்து 2013இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தூய நீரால் ஆன விழுதுகளில் இம்மேடுகள் தோன்றுவதில்லை. மிகச் சிறிதளவு உப்புக் கலந்தாலே அவை தோன்றுகின்றன. மழைச் சங்கிலியில் நீருக்கு நிலம்வரை வழி முன்னரே அமைந்திருப்பதால் நுனியின் வளர்ச்சிக்கு இடமில்லை. முழு நீளமும் ஒருங்கே தடிக்கிறது. எனவே சங்கிலிப் பனிக்கட்டி, தனிப் பனிவிழுதைவிடப் பருமனாகவும் எடை மிகுந்ததாகவும் ஆக வாய்ப்புண்டு.

உறைமழையைத் தனியே குறிப்பிடவேண்டும். மேல்வளியில் சூடான காற்றடுக்கும், நிலத்தை ஒட்டி உறைநிலைக்குக் கீழான காற்றடுக்கும் இருக்கும்போது, மழைத்துளிகள் உறையாமலே மிகைக்குளிர்வுற்று விழுந்து, தொட்ட பொருளின்மேல் உடனே உறைகின்றன. 1998 சனவரி 5 முதல் 10 வரை கனடாவின் கியூபெக், கிழக்கு ஒன்ராறியோப் பகுதிகளிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலும் பெய்த உறைமழை, மின்கம்பங்களையும் உயர்மின்னழுத்தக் கோபுரங்களையும் சரித்துப் பல இலட்சம் மக்களை நாட்கணக்கில் மின்சாரம் இன்றித் தவிக்கவிட்டது. இத்தகைய மழையில் பீலியில் இருந்து வரும் நீரை எதிர்பார்க்கத் தேவையில்லை. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் நேரடியாகவே பனிக்கட்டியைச் சேர்த்துக்கொள்ளும்.

மூடிய வடிகுழாயுடன் ஒப்பீடு

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. மூடிய வடிகுழாயின் அடிவளைவில் இலைகளும் பனிக்கட்டியும் அடைத்துக்கொண்டால், மேலிருந்து வரும் நீர் குழாயில் தேங்கி உறையும். விரிவதற்கு இடமின்றிக் குழாயின் பொருத்துவாய் பிளக்கும். வசந்த காலத்தில் பனி உருகிய பின்னரே பிளவு கண்ணுக்குத் தெரியவரும். அதுவரை நீர் சுவரோடு வழிந்திருக்கும்.

சங்கிலியைச் சுற்றி எந்த உறையும் இல்லை. பனிக்கட்டி வெளிப்புறமாக எவ்வளவு விரிந்தாலும் அது எதையும் பிளப்பதில்லை. மேலும், உறைந்த குழாயில் நீரின் வழி அடைபடுகிறது. உறைந்த சங்கிலியிலோ, புதிதாக வரும் நீர் பனிக்கட்டியின் வெளிப்பரப்பின்மேல் தொடர்ந்து வழிகிறது. அடைப்பு ஏற்பட்டால் அது வெளியில் நின்று பார்ப்பவருக்கு உடனே தெரிகிறது. உறைபனி நாடுகளில் சங்கிலிக்கு ஆதரவாகக் கூறத்தக்க வலுவான காரணங்கள் இவையே.

ஆனால் இந்த நன்மைகள் பீலித்துளைக்குக் கீழேதான் செல்லுபடியாகும். துளையே அடைபட்டால் சங்கிலியும் குழாயும் ஒன்றுதான். மழைச் சங்கிலியைப் பொருத்தும்போது, நீர் சங்கிலியை விட்டு விலகிப் பாயாதிருப்பதற்காகத் துளையின் வாயைச் சிறிதாக்கும் தகடு ஒன்றையும் வைப்பது வழக்கம். கோடை மழைக்கு இது நல்லது. உறைபனியிலோ, சிறிய வாய் விரைவில் மூடிக்கொள்ளும். பின்னர் பீலி முழுவதும் பனிக்கட்டியால் நிரம்பும். அதற்கு மேல் வரும் நீர் பீலியின் முன்விளிம்பைத் தாண்டி வழியும், அல்லது பின்னோக்கித் தேங்கிக் கூரை ஓடுகளின் கீழ் நுழையும். கூரை விளிம்பில் இவ்வாறு பனிக்கட்டி அணைபோல் எழும்பி நீரைத் தேக்குவது, குளிர்நாட்டு வீடுகளில் உட்கூரை நனைந்து கெடுவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இதன் மூல காரணம் சங்கிலியும் அன்று, பீலியும் அன்று. கூரையின் வெப்பக்காப்புக் குறைபாடே. கூரைக்கடியில் வெப்பக்காப்பும் காற்றோட்டமும் சரியாக இருந்தால், கூரைமேல் வெண்பனி வீட்டு வெப்பத்தால் உருகாது. சங்கிலியில் உறைவதற்கு நீரும் அதிகம் வராது. சங்கிலியில் மிகப் பெரிய பனித்தூண் எழும்பும் வீடு, தன் வெப்பத்தை மிகுதியாக வீணாக்கும் வீடாகவும் இருக்கக்கூடும்.

எடை

பனிக்கட்டியின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 917 கிலோகிராம். இதனைக் கொண்டு, இரண்டரை மீட்டர் நீளமுள்ள சங்கிலியைச் சுற்றி உருளை வடிவில் பனிக்கட்டி சேர்வதாகக் கொண்டால் அதன் எடையைக் கணக்கிடலாம். உருளையின் விட்டம் 10 செ.மீ ஆயின் எடை ஏறத்தாழ 18 கிலோகிராம். 15 செ.மீ ஆயின் 40 கிலோகிராம். 20 செ.மீ ஆயின் 72 கிலோகிராம், அதாவது வளர்ந்த ஓர் ஆளின் எடை. விட்டம் இரு மடங்கானால் எடை நான்கு மடங்காகும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். நேற்றுப் பார்த்ததைவிடச் சற்றே தடித்திருக்கிறது என்று தோன்றும் தூண், எடையில் பெரிதும் கூடியிருக்கும்.

இந்த எடை முழுவதும் பீலித்துளையின் குறுக்கே கிடக்கும் ஒரு கொக்கியின்மேல் விழுகிறது. வீட்டுப் பீலிகள் மெல்லிய அலுமினியத் தகட்டால் ஆனவை. ஏறத்தாழ 60 செ.மீ இடைவெளியில் உள்ள தாங்கிகளால் அவை கூரை விளிம்புப் பலகையில் பொருத்தப்படுகின்றன. துளை இரண்டு தாங்கிகளுக்கு நடுவில் அமைந்தால் தகடு வளைந்து, துளையின் ஓரம் கிழியும். அதே வேளையில் பீலியிலும் பனிக்கட்டி நிறைந்திருக்கும். 12 செ.மீ அகலமும் 8 செ.மீ ஆழமும் உள்ள பீலி நிறையப் பனிக்கட்டி இருந்தால், ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோகிராம் கூடுகிறது. தாங்கிகள் பெயர்வது பெரும்பாலும் இவ்விரண்டும் சேரும்போதுதான்.

பனித்தூண் நிலத்தைத் தொட்டுவிட்டால் எடையின் ஒரு பகுதியை நிலம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இதனை நம்பியிருக்க முடியாது. உருகும் நாளில் தூணின் அடிப்பகுதி முதலில் கரைந்து விலகினால், தாங்கியிருந்த எடை திடீரென மேலே உள்ள கொக்கிக்கு மாறும். அடியில் பிணைக்கப்படாத சங்கிலியாயின், நிலத்தைத் தொடாத பனித்தூண் காற்றில் ஊசல்போல் ஆடிச் சுவரையும் சாளரத்தையும் மோதக்கூடும். அடியில் முளையுடன் இறுகப் பிணைத்தாலும் தொல்லையுண்டு. நிலத்தடி ஈரம் உறையும்போது மண் மேலெழும்பும். முளையும் சேர்ந்து எழும். சற்றே தளர்வாகப் பிணைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

சங்கிலியின் எடையைப் பீலியிடம் விடாமல், கூரை விளிம்புப் பலகைக்குப் பின்னால் உள்ள கூரைச் சட்டத்தில் முடுக்கப்பட்ட தனித் தாங்கியிடம் விடுவதே சிறந்த தீர்வு. துளைக்கு மேலாக, பீலிக்கு உள்ளே ஒரு வலுவான கம்பி குறுக்கே சென்று கூரைச் சட்டத்தைப் பற்றியிருந்தால் போதும். கொக்கி கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகையால் சங்கிலியின் அழகுக்குச் செலவிடுவோர் இதற்குச் செலவிட மறந்துவிடுகின்றனர்.

உலோகங்கள்

செம்பு, அலுமினியம், பெரும்பாலான துருவேறா எஃகு வகைகள் ஆகியவை குளிரில் நொறுங்கும் தன்மையை அடைவதில்லை. அவற்றின் படிக அமைப்பே இதற்குக் காரணம். சாதாரண எஃகு அவ்வாறன்று. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அது வளைவதற்குப் பதிலாக உடைய முற்படும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்கள் சில, குளிர்ந்த கடலில் விரிசல் கண்டதற்கு இப்பண்பு ஒரு காரணமாக இருந்தது. மழைச் சங்கிலியில் ஏற்படும் தகைப்பு கப்பலுடன் ஒப்பிடத்தக்கதன்று. எனினும் மலிவான எஃகுக் கொக்கி ஒன்றில் செப்புச் சங்கிலியை மாட்டுவது அறிவுடைமை ஆகாது. நெகிழியாலான சங்கிலிகள் குளிரில் எளிதில் உடையும்.

வெப்பநிலை மாற்றத்தால் சங்கிலி சுருங்குவது பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இரண்டரை மீட்டர்ச் செப்புச் சங்கிலி, கோடைக்கும் குளிருக்கும் இடையே 50 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் சுருங்கும். வளையங்களுக்கு இடையே உள்ள தளர்வு இதைவிடப் பெரிது.

செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிமானத்தால் அலுமினியம் அரிக்கப்படும். தொடுமிடத்தில் நீருடன் உப்பும் சேரும்போது இது விரைவுபடும். கூரையில் பனிக்கட்டியைக் கரைக்க உப்புத் தூவும் வீடுகளில் அலுமினியப் பீலியின் துளை ஓரம் சில ஆண்டுகளில் மெலிந்துபோகலாம். மேற்கூறிய எடை அதே இடத்தில்தான் தொங்குகிறது. செப்புக் கொக்கிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே இறப்பர் அல்லது நெகிழித் துண்டு ஒன்றை வைத்துப் பிரிப்பது எளிய காப்பு.

கிண்ணங்களின் வடிவம்

வளையச் சங்கிலியில் நீர் தேங்க இடமில்லை. கிண்ணச் சங்கிலியில் அடித்துளை இலையால் அடைபட்டால் கிண்ணத்தில் நீர் தேங்கி உறையும். வாய் அகன்று அடி குறுகிய கிண்ணமாயின், விரியும் பனிக்கட்டி மேல்நோக்கி நழுவிக்கொள்ளும். கிண்ணத்துக்கு ஊறு குறைவு. வாய் குவிந்த மொட்டு வடிவக் கிண்ணத்தில் அவ்வாறு நழுவ வழியில்லை. மெல்லிய தகட்டில் பற்றாசு வைத்து ஒட்டிய கிண்ணமாயின் ஒட்டுவாய் விரியும். வார்ப்புக் கிண்ணங்கள் தடித்தவை, உறுதியானவை. ஆனால் பனிக்கட்டி சேர்வதற்கு முன்னரே அவற்றின் எடை மிகுதி. கடுங்குளிர் உள்ள ஊர்களுக்கு வளையச் சங்கிலியே ஏற்றது என்பது இவற்றில் இருந்து பெறப்படும். மழை நாட்களில் கிண்ணச் சங்கிலி தெறிக்காமல் இறக்குவது போல வளையச் சங்கிலி இறக்குவதில்லை என்னும் குறையை அவ்வூரார் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அடிப்பகுதி

மக்கள் காயமுறுவது பெரும்பாலும் இங்கேதான். பகலில் உருகிச் சங்கிலிவழி இறங்கும் நீர், அடியில் உள்ள குழியில் இறங்க முடியாமல் பரவி, மாலையில் கண்ணாடி போன்ற பனிக்கட்டித் தளமாக உறையும். அதன்மேல் இரவில் மெல்லிய வெண்பனி விழுந்தால் தளம் கண்ணுக்குத் தெரியாது. மழைச் சங்கிலியை அழகுக்காக வீட்டு வாயிலின் அருகே தொங்கவிடுவதே வழக்கம் என்பதால், வழுக்கும் தளமும் வாயிற்படியின் அருகிலேயே அமைந்துவிடுகிறது. முதியோருக்கு இடுப்பெலும்பு முறிவது போன்ற காயங்கள் ஒரு தடவை வழுக்கி விழுவதாலேயே ஏற்படக்கூடியவை. உறைபனி நாட்டில் சங்கிலிக்கு இடம் தெரிவு செய்வோர், முதலில் நடைபாதை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

கூழாங்கல் குழி கோடையில் நீரை நன்றாக உறிஞ்சும். குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்துக்கு மேலே உள்ள குழி, தானும் உறைந்து மூடிக்கொள்ளும். ரொறன்ரோ நகரில் கட்டிட அத்திவாரங்கள் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அமைக்கப்படுவது மண் உறைவதைக் கருதியே. அரை மீட்டர் ஆழக் குழி அங்கே குளிர்காலத்தில் பயன் தராது. நிலத்தைச் சுவரில் இருந்து வெளிநோக்கிச் சரித்து அமைப்பதே நம்பத்தக்கது. சுவரை ஒட்டித் தொங்கும் சங்கிலியில் இருந்து தெறிக்கும் நீர் செங்கல்லில் ஊறி, உறைதலும் உருகலும் மாறி மாறி நிகழ்வதால் செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்வதும் உண்டு.

அடியில் வைக்கும் தொட்டி சுட்ட களிமண்ணாலோ பீங்கானாலோ ஆனதாயின், குளிர்காலத்துக்கு முன் நீரை இறைத்துக் கவிழ்த்துவைக்கவேண்டும் அல்லது உள்ளே எடுத்துவைக்கவேண்டும். சுட்ட களிமண் நுண்துளைகளில் நீரை ஏற்றுக்கொள்வதால், வெறுந்தொட்டியும் ஈரமாக இருந்தால் வெடிக்கும். செப்புச் சங்கிலியில் இருந்து வரும் நீரில் சிறிதளவு செம்பு கரைந்திருக்கும் என்பதால், மீன் வளர்க்கும் தடாகத்தில் அதனை நேரே விடுதல் எக்காலத்திலும் தகாது.

குளிர்காலத்துக்கு முன்

இலையுதிர்கால முடிவில் சங்கிலியைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவது பலர் பின்பற்றும் வழி. கழற்றிவிட்டுத் துளையை வெறுமனே விட்டால், நீர் துளையில் இருந்து நேரே சொட்டி அங்கே பனிவிழுது வளரும். ஆகவே கழற்றுவோர் அதே துளையில் தற்காலிகமாக ஒரு வடிகுழாயை மாட்டுவது நல்லது. சங்கிலியை அப்படியே விட விரும்புவோர், இலைகளை அகற்றிப் பீலியைத் தூய்மை செய்து, துளையைக் குறுக்கும் தகட்டை எடுத்துவிட்டு, கொக்கியின் பிடிப்பைச் சோதிக்கவேண்டும். குளிர் மிதமாகவும் சங்கிலி வாயிலில் இருந்து விலகியும் இருந்தால் இது போதுமானது. வாயிலுக்கு மேலே தொங்கும் சங்கிலியைக் கழற்றிவிடுவதே முறை.

பீலியிலும் துளையிலும் மின்வெப்பக் கம்பி இடுவது மற்றொரு வழி. இதற்குப் பயன்படும் கம்பிகளில் ஒரு வகை, தன்னைத் தானே கட்டுப்படுத்துவது: இரு கடத்திகளுக்கு இடையே உள்ள நெகிழி, குளிரும்போது மிகுந்த மின்சாரத்தையும் சூடாகும்போது குறைந்த மின்சாரத்தையும் செல்லவிடும். 10 செ.மீ தடித்த பனித்தூணின் 18 கிலோகிராம் பனிக்கட்டியை உருக்க, வெப்பம் சிறிதும் வீணாகவில்லை என்று கொண்டாலும், ஏறத்தாழ 1.7 கிலோவாற்று-மணி ஆற்றல் வேண்டும். திறந்த சங்கிலியைச் சுற்றிக் கம்பியைச் சுற்றினால் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றுக்கே போகும். பார்வைக்கும் நன்றாக இராது. துளையைத் திறந்து வைத்திருக்க மட்டும் கம்பியைப் பயன்படுத்தி, சங்கிலியை அதன் போக்கில் உறையவிடுவதே சிக்கனம். இக்கம்பிகளை மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள சுற்றிலேயே இணைக்கவேண்டும்.

உறைந்த சங்கிலியைக் கையாளுதல்

உறைந்த சங்கிலியைச் சுத்தியலால் தட்டிப் பனிக்கட்டியை உதிர்க்க முயல்வது தவறு. அடியின் அதிர்ச்சி நேரே பீலியைச் சென்றடையும். சங்கிலி பனிக்கட்டிக்குள் கம்பிபோல் ஊடுருவி இருப்பதால், பனிக்கட்டி பெரிய துண்டாகக் கழன்று விழும் வாய்ப்புத் தனிப் பனிவிழுதைவிடக் குறைவு. ஆனால் கொக்கி விட்டுப்போனால் பனிக்கட்டியும் சங்கிலியும் பீலியின் ஒரு பகுதியும் சேர்ந்தே சரியும். தட்டுபவர் நிற்கும் இடமும் அதுவே. கொதிநீர் ஊற்றுவதும் பயனற்றது; ஊற்றிய நீர் சற்று நேரத்தில் அடியில் உறைந்து தளத்தைத் தடிப்பாக்கும். சங்கிலியைச் சுற்றிய இடத்தில் ஆள் நடமாட்டத்தைத் தடுத்து, தானாக உருகவிடுவதே வழி. பீலி வளையத் தொடங்கியதைக் கண்டால், பனித்தூணின் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுத்து எடையை நிலத்துக்கு மாற்றலாம். இதனையும் பக்கவாட்டில் நின்றே செய்யவேண்டும்.

பீலியே இல்லாத வீடுகள்

மிகக் கடுமையான பனி விழும் இடங்களில் சங்கிலியா குழாயா என்னும் கேள்வியே எழுவதில்லை. யப்பானின் வடதீவான ஹொக்கைடோவில் உள்ள சப்போரோ நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வெண்பனி விழுகிறது. அங்கே பல வீடுகளில் கூரை விளிம்புப் பீலி கிடையாது. வைத்தால் வழுக்கி விழும் பனி அதனைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். நெருக்கமான மனைகளில், பனியைக் கீழே தள்ளாமல் தன்மேலேயே தாங்கும் தட்டைக் கூரைகள் அமைக்கப்படுகின்றன. அவற்றின் நடுவில் உள்ள பள்ளத்தில் உருகிய நீர் சேர்ந்து, வீட்டின் உள்ளே செல்லும் குழாய்வழி இறங்குகிறது. வீட்டின் வெப்பம் அக்குழாயை உறையாமல் காக்கிறது. குசாரி-தோய் பிறந்த அதே நாட்டில், அதற்கு நேர்மாறான தீர்வு இது.

அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், விசுக்கொன்சின் மாநிலத்தில் 1911இல் தமக்கெனக் கட்டிய தாலியெசின் இல்லத்தில், வேண்டுமென்றே பீலிகளை வைக்கவில்லை. குளிர்காலத்தில் இறவாரம் நெடுகப் பனிவிழுதுகள் தொங்குவதைப் பார்க்கவேண்டும் என்பதே தமது நோக்கம் என அவர் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அங்கே பனிவிழுதுகளின் எடை கூரை விளிம்பு முழுவதும் பகிரப்பட்டது. மழைச் சங்கிலி அதே காட்சியை ஒரே கொக்கியில் தொங்கவிடுகிறது.